வாட்ச் 842 என்கிறது, ட்ரெட்மில் 610 என்கிறது, நான் எதை நம்பிச் சாப்பிடுவது?

கடலோடி52 (டர்பன்), பிப்ரவரி, சனி காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். சின்னச் சந்தேகம்தான், ஆனால் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது.

எனக்கு வயது 52, எடை 84 கிலோ. நவம்பரிலிருந்து வாரம் நாலு நாள் நார்த் பீச்சில் மெல்லோட்டம். ப்ளூ லகூன் பக்கமாக மூன்றரை கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவேன். மொத்தம் 7 கி.மீ., சரியாக ஒரு மணி நேரம். இன்று காலை வாட்ச் சொன்னது: சராசரித் துடிப்பு 140, எரித்த கலோரி 842. வியாழக்கிழமை மழை என்பதால் ஜிம்முக்குப் போய் அதே 7 கி.மீட்டரை அதே ஒரு மணி நேரத்தில் ஓடினேன். ட்ரெட்மில் காட்டியது 610. இன்று என் கூடவே ஓடிய மச்சானின் வாட்ச் 540. அவர் என்னைவிட ஒரு கிலோகூடக் குறைவில்லை.

சண்டை எதற்கென்றால், மூன்று மாதமாக வாட்ச் சொல்லும் கணக்கை வைத்துத்தான் சாப்பிட்டேன். 842 எரித்தாகிவிட்டது, திரும்பும் வழியில் ஒரு கால் பன்னி (பன்னி சௌ, கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பியது), பீன்ஸ்தானே, தப்பில்லை என்று. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. "வாட்ச்தானே ஓடியது, அதையே சாப்பிடச் சொல்லுங்கள்" என்கிறாள் வீட்டுக்காரி. இந்த இதயத் துடிப்பு மானிகள் சொல்லும் கலோரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தண்ணி ராஜா (பீனிக்ஸ்), சனி காலை 9.52

அங்கிள், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடுங்கள். பன்னியை மச்சானுக்குக் கொடுத்துவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

நாடி (டர்பன்), சனி காலை 11.15

நான் பயோகினெட்டிசிஸ்ட், உடற்பயிற்சி வழியாகச் சிகிச்சை தருபவன். இதய நோயாளிகளையும் ஓட்டக்காரர்களையும் தினமும் ட்ரெட்மில்லில் ஏற்றி இறக்குவதுதான் வேலை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் வாட்ச் கலோரியை அளக்கவில்லை. அது அளப்பது துடிப்பை மட்டும். கலோரி என்பது அந்தத் துடிப்பை வைத்துப் போட்ட ஊகம்.

உடல் எவ்வளவு எரிக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளப்போம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் 5 கலோரி எரிந்திருக்கும். கொழுப்பு எரிந்தால் கொஞ்சம் குறைவு, மாவுச்சத்து எரிந்தால் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இது நம்பகமான கணக்கு. ஆனால் முகமூடியோடு பீச்சில் ஓட முடியாதே. மிதமான உழைப்பில் துடிப்பு ஏற ஏற ஆக்சிஜன் செலவும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறுகிறது. அதனால் துடிப்பைப் பார்த்து ஆக்சிஜனை ஊகித்து, அதிலிருந்து கலோரியை ஊகிக்கிறார்கள். ஊகத்தின் மேல் ஊகம்.

பரவலாகப் புழங்கும் சூத்திரங்களில் ஒன்று நம் தென்னாப்பிரிக்கச் சரக்கு. 2005இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கெய்டெல் என்பவரின் குழு போட்டது. ஓட்ட ஆராய்ச்சியாளர் டிம் நோக்ஸும் அதில் ஒருவர். வழக்கமாக உடற்பயிற்சி செய்யும் 115 பேரை வைத்துச் செய்தார்கள். ஆணுக்கான கணக்கு இது: துடிப்பை 0.6309ஆல் பெருக்குங்கள், எடையை 0.1988ஆல், வயதை 0.2017ஆல். மூன்றையும் கூட்டி 55.0969ஐக் கழியுங்கள். வருவது நிமிடத்துக்கு இத்தனை கிலோஜூல். 4.184ஆல் வகுத்தால் கலோரி.

உங்கள் எண்களைப் போட்டேன். நிமிடத்துக்கு 14.4 கலோரி, மணிக்கு 866. வாட்ச் சொன்ன 842க்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் வாட்ச் இதே சூத்திரத்தைத்தான் போடுகிறது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கை மூடித்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஜாதி ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த 115 பேரும் 18 முதல் 45 வயதுக்குள். உங்களுக்கு 52. அந்தச் சூத்திரமே உங்களைப் பார்த்ததில்லை.

ஜோபர்க் தம்பி, சனி பகல் 1.05

நாடி அண்ணா, ஒரு கேள்வி. நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. மென்பொருள்தான் பிழைப்பு. துடிப்பை இவ்வளவு சரியாகக் காட்டும் வாட்சுக்கு அடுத்த படி தெரியாமலா போகும்? உள்ளே போகும் தரவு சரி என்றால் வெளியே வருவதும் ஓரளவு சரியாகத்தானே இருக்கும்?

நாடி, சனி பகல் 1.40

தம்பி, இதைத்தான் 2017இல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். 60 பேர், 7 வகைக் கைமானிகள். நடக்கவிட்டு, ஓடவிட்டு, மிதிவண்டி மிதிக்கவிட்டு, முகமூடிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். துடிப்பைப் பொறுத்தவரை ஏழில் ஆறு, 5 விழுக்காட்டுப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஒன்றுகூட 20க்குள் வரவில்லை. இருந்ததிலேயே நல்லது சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93.

அதற்கப்புறம் மானிகள் தேறியிருக்கலாம். ஆனால் தேறியதெல்லாம் துடிப்பை எண்ணும் வேலையில்தான். நடுவில் இருக்கும் ஊகம் அப்படியே இருக்கிறது. கேப் டவுன் சூத்திரமே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 73 விழுக்காட்டைத்தான் விளக்கியது. ஒவ்வொருவரின் உடல்திறனையும் முகமூடி வைத்து அளந்து சேர்த்தபோது 83 ஆனது. உடல்திறன் தெரியாமல் துடிப்பை மட்டும் பார்த்தால் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

ஓய்வு வாத்தியார் (டோங்காட்), சனி மாலை 4.20

தம்பிகளா, உங்கள் சூத்திரம் எனக்கு ஏறாது. ஆனால் நாடி சொல்வதைக் கேட்டதும் தாத்தா ஞாபகம் வந்தது.

தாத்தா இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஊரில் ஏற்றம் இறைத்தவர். ஏற்றப்பாட்டு பாடினால் அதிலேயே கணக்கும் வந்துவிடும், இத்தனையாவது அடி பாடினால் இத்தனை சால் (தண்ணீர் இறைக்கும் பெரிய வாளி) இறைத்தாயிற்று என்று. வயலில் மடை பார்ப்பவன் தண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை, பாட்டைக் கேட்டால் போதும். ஆனால் இது எப்போது சரிவரும்? சால் ஒரே அளவாக இருந்து, ஒவ்வொரு தடவையும் நிரம்பி வந்தால்தான். ஓட்டைச் சாலாக இருந்தால் பாட்டு என்னவோ நூறு வரைக்கும் போகும், வயல் காய்ந்து கிடக்கும்.

உங்கள் வாட்ச் பாட்டைக் கேட்கிறது. சாலைப் பார்க்கவில்லை. இப்படிப் புரிந்துகொண்டால் தப்பா?

நாடி, சனி மாலை 4.55

ஐயா, பதினைந்து வருடமாக நோயாளிகளுக்கு இதை விளக்கத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

தப்பே இல்லை. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம்தான் சால். பயிற்சி பெற்றவருக்குச் சால் பெரிது, குறைந்த துடிப்பில் நிறைய இறைப்பார். புதிதாக ஓட வந்தவருக்குச் சின்னச் சால். இறைத்த தண்ணீரைத் தசை எவ்வளவு குடிக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

கடலோடி அண்ணாவின் விஷயம் இங்கேதான் இருக்கிறது. டர்பனில் பிப்ரவரிக் காலை எப்படி இருக்கும் என்று தெரியும். வெளியே கால் வைத்ததுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தில் நீரும் குறைகிறது. சால் பாதி நிரம்பித்தான் மேலே வருகிறது. அதே தண்ணீருக்கு அதிகத் தடவை இறைக்க வேண்டும். துடிப்பு ஏறும், ஆனால் கால்கள் கூடுதலாக எதையும் எரிக்கவில்லை. ஏசி போட்ட ஜிம்மில் இது குறைவு.

அண்ணா, வாட்சில் கிலோமீட்டர் வாரியாகத் துடிப்பு இருக்கும். இரண்டாவது கிலோமீட்டரில் எவ்வளவு, ஆறாவதில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடலோடி52, சனி மாலை 5.30

பார்த்தேன். இரண்டாவதில் 128. ஆறாவதில் 151. வேகம் இரண்டிலும் ஒன்றுதான், சொல்லப்போனால் ஆறாவதில் நாலு விநாடி மெதுவாகத்தான் ஓடியிருக்கிறேன். ரோபோட்டில் நின்றதெல்லாம் இல்லை, பீச் ஓரம் முழுக்கத் தடையில்லாத பாதை. (தம்பிக்கு: ரோபோட் என்றால் இங்கே போக்குவரத்து விளக்கு. நாலு வருடத்தில் பழகியிருப்பாய்.)

நாடி, சனி மாலை 5.38

அந்த 23 துடிப்பில் பெரும்பகுதி வெயிலுக்கும் வியர்வைக்கும் போனது. வாட்ச் அதையும் பன்னிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

மாரிட்ஸ்பர்க் மிதிவண்டி, சனி இரவு 8.10

ஓட்டக்காரர்கள் பாவம். மிதிவண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். என் வண்டியில் மிதிகட்டையோடு பவர் மீட்டர் இருக்கிறது. நான் மிதிக்கும் விசையை நேராக அளக்கும், ஊகம் கிடையாது. வேலை கிலோஜூலில் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிலோஜூலை அப்படியே கலோரி என்று படித்துக்கொள்ளலாம். காரணம், மனித உடல் எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 விழுக்காடுதான் மிதிகட்டைக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. ஒரு கலோரி என்பது 4.184 கிலோஜூல். நாலால் வகுத்து, நாலால் பெருக்கியது போல இரண்டும் அடிபட்டுப் போகிறது. போன ஞாயிறு 600 கிலோஜூல் மிதித்தேன். திறன் 25 என்றால் 574 கலோரி, 20 என்றால் 717. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அன்றைக்கு நெஞ்சுப் பட்டையின் துடிப்பை மட்டும் வைத்து என் பழைய மானி சொன்னது 830. கொடும் வெயில், தண்ணீர் பாட்டிலை வேறு வீட்டில் மறந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நெஞ்சுப் பட்டை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது, தோலில் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கைமானியின் பச்சை வெளிச்சத்தைவிட நன்றாக எண்ணும். ஆனால் வாத்தியார் ஐயா கணக்கில் சொன்னால், பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

தண்ணி ராஜா, ஞாயிறு மாலை 6.45

ஆராய்ச்சி செய்தேன், முடிவை வெளியிடுகிறேன்.

இன்று மாமா வீட்டில் தண்ணி ஆட்டம். (ஜோபர்க் தம்பிக்கு: சீட்டாட்டம், வேறு தண்ணி இல்லை.) என் ஜோடி பெரியப்பா, வயது 63, எடை 80 கிலோ. அவர் கையில் வாட்சைக் கட்டிவிட்டு, நாடி அண்ணா கொடுத்த சூத்திரத்தைப் போனில் போட்டு வைத்துக்கொண்டேன். கடைசி ஆட்டத்தில் எதிரணி ஜாக்கை இறக்கியபோது பெரியப்பாவின் துடிப்பு 95.

சூத்திரப்படி நிமிடத்துக்கு 8 கலோரி. மணிக்கு 480. நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு கையில் சமோசா.

கடலோடி அங்கிள், நீங்கள் வீணாக ஓடுகிறீர்கள்.

நாடி, ஞாயிறு மாலை 7.20

சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரியப்பா உண்மையில் எரித்தது மணிக்கு 120க்குள்தான் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி, அதாவது 80. சீட்டை ஓங்கி அடித்ததற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தச் சூத்திரம் சீராக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களிடம் எடுத்தது. உட்கார்ந்திருப்பவருக்குப் போட்டால் இப்படித்தான் வரும். துடிப்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள நேர்கோடு கீழ்ப்பகுதியில் உடைந்துவிடுகிறது. எழுந்து நின்றாலே துடிப்பு ஏறும், காபி குடித்தால் ஏறும், கோபம் வந்தால் ஏறும். அதனால் நல்ல வாட்சுகள் கை அசைவையும் சேர்த்துப் பார்க்கும். அசைவு இல்லையென்றால் துடிப்பை அவ்வளவாக நம்பாது. ஆனால் "பயிற்சி தொடங்கு" என்று பொத்தானை அழுத்திவிட்டுச் சீட்டாடினால் அது பாவம் என்ன செய்யும்?

எடை தூக்குவதிலும் இதே கதைதான். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது துடிப்பு 150 போகும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்குப் போகாது. ஜிம்மில் வாட்ச் காட்டும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

சாட்ஸ்வர்த் அக்கா, ஞாயிறு இரவு 8.00

சீட்டாட்டம் என்றதும் எனக்குத் தைப்பூசம் ஞாபகம் வந்தது. இந்த வருடம் மகன் காவடி எடுத்தான். முந்தின ராத்திரி வாட்சைக் கழற்ற மறந்துவிட்டான் போல, நான்தான் கோயில் வாசலில் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். உறுமியும் உடுக்கையும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்ததும் எனக்குத் துடிப்பு 128. நான் நகரவே இல்லை. பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அப்போது கலோரி எழுதியிருந்ததா என்று பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை.

நாடி தம்பி, அதெல்லாம் எரிந்ததில் சேராது இல்லையா?

நாடி, ஞாயிறு இரவு 8.12

சேராது அக்கா. அட்ரினலின் ஏற்றிய துடிப்பு அது. மகன் வெறுங்காலோடு வெயிலில் நடந்ததுதான் எரிந்தது.

பீனிக்ஸ் நர்ஸ், திங்கள் காலை 6.30

இரவு வேலை முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

இங்கே யாரும் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பிரஷர், சர்க்கரை. பிரஷருக்கோ நெஞ்சு வலிக்கோ அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அந்த மாத்திரையின் வேலையே அதுதான். என் அப்பா மேட்டில் மூச்சு வாங்க நடந்தாலும் 98ஐத் தாண்டாது. வாட்ச் அவருக்கு "லேசான நடை" என்று சொல்கிறது. அவர் மனம் உடைந்துபோய் இன்னும் வேகமாக நடக்கப் பார்த்தார். நான் வாட்சையே பிடுங்கி வைத்துவிட்டேன். இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் துடிப்பைத் துரத்தாதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள், போதும். அதிகபட்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கும் உங்களுக்கு இல்லை. மாத்திரை இல்லாதவர்களுக்கே அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே போகும்.

அப்புறம் அந்தச் சூத்திரத்தில் பெண்ணுக்கு எப்படி என்று தேடிப் பார்த்தேன். எடையைக் கழிக்கிறார்கள்! எனக்கு 45 வயது, துடிப்பு 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். 68 கிலோவில் நிமிடத்துக்கு 7.8 கலோரி, இளைத்து 60 கிலோ ஆனால் 8. ஆணுக்கு எடை கூடினால் கலோரி கூடுகிறது, பெண்ணுக்குக் குறைகிறதாம். இது என்ன நியாயம்?

நாடி, திங்கள் காலை 7.45

மாத்திரை விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றி சிஸ்டர்.

பெண்ணுக்கான கணக்கு: துடிப்பு பெருக்கல் 0.4472, வயது பெருக்கல் 0.074, இரண்டையும் கூட்டி, எடையை 0.1263ஆல் பெருக்கிக் கழிக்கணும், அப்புறம் 20.4022ஐயும் கழிக்கணும். நீங்கள் போட்டது சரிதான். இதற்கு உடலியல் நியாயம் தேடாதீர்கள். அந்தக் குழுவில் இருந்த பெண்களின் எண்கள் அப்படி அமைந்தன, கோடு அப்படி விழுந்தது. எடை கூடினவர்களுக்குச் சால் சின்னதாக இருந்திருக்கும், அதே துடிப்பில் ஆக்சிஜன் குறைவாகப் போயிருக்கும் என்பது என் ஊகம். ஒரு கூட்டத்துக்குப் பொருந்தும் கோடு ஒரு ஆளுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

ஜோபர்க் தம்பி, திங்கள் பகல் 12.20

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு இரண்டு கூத்து.

முதலாவது, போன வருடம் கைமானி தொடர்ந்து 162 காட்டியது. மெதுவாகத்தான் ஓடுகிறேன், பாட்டு முணுமுணுக்க முடிகிறது, ஆனால் 162, 161, 162. நின்றால் உடனே 118. கடைசியில் பார்த்தால் நிமிடத்துக்கு என் கால் வைப்பு 162! பட்டி தளர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் கையில் குதிக்க, அந்தக் குதிப்பையே துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டியதும் சரியானது. அந்த மாதம் நான் எரித்த கலோரியெல்லாம் என் கால் செருப்பின் கலோரி.

இரண்டாவது, நெஞ்சுப் பட்டை. ஜோபர்க்கில் குளிர்காலம் காய்ந்து கிடக்கும். நைலான் சட்டை பட்டையில் உரசினால் மின்னூட்டம் ஏறி, முதல் பத்து நிமிடம் 200, 210 என்று காட்டும். வியர்த்த பிறகுதான் அடங்கும். இப்போது தண்ணீரில் நனைத்துத்தான் கட்டுகிறேன்.

இன்னொன்று கேட்க நினைத்தேன். டர்பன் வந்தால் துடிப்பு குறைகிறது, ஜோபர்க் திரும்பினால் ஏறுகிறது. வெயில் டர்பனில்தானே அதிகம்?

நாடி, திங்கள் பகல் 1.10

உயரம் தம்பி. ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதே வேகத்துக்கு அதே ஆக்சிஜன்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொரு சாலிலும் வருவது குறைவு. இறைப்பு கூடுகிறது. குளிர்காலத்தில் வந்திருப்பாய், பிப்ரவரியில் வந்து பார், டர்பன் ஜெயித்துவிடும்.

ஓய்வு வாத்தியார், திங்கள் பகல் 1.30

சாலை விடமாட்டேன் என்கிறார். மகிழ்ச்சி.

சாட்ஸ்வர்த் அக்கா, திங்கள் பகல் 2.15

கறுத்த தோலில் அந்தப் பச்சை வெளிச்சம் சரியாக வேலை செய்யாது என்று மகள் சொல்கிறாளே. உண்மையா?

நாடி, திங்கள் மாலை 3.00

இரண்டு விதமாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன அக்கா. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை கூட இருந்தது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் நிறத்தையே குறிவைத்துச் சோதித்தபோது குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பெரிய வித்தியாசம் அசைவில்தான் வந்தது, சும்மா இருக்கும்போதைவிட அசையும்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியது. மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அது வேறு, மை வெளிச்சத்தை மறித்துவிடும்.

கடலோடி52, திங்கள் இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. இரண்டு உண்மைகள் வெளிவந்தன.

மச்சானின் வாட்ச் அவர் மகள் பரிசாகக் கொடுத்தது. அவளே எல்லாம் அமைத்துக் கொடுத்திருக்கிறாள், தன் பழைய கணக்கிலேயே. திறந்து பார்த்தால் வயது 27, எடை 58, பெண். மூன்று மாதமாக மச்சான் 27 வயதுப் பெண்ணாக ஓடியிருக்கிறார். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், 140 துடிப்புக்கு 529 வருகிறது. 540இன் ரகசியம் அதுதான்.

இன்னொன்று என் மானத்தைப் பற்றியது. கடையில் வாங்கும் பொட்டலங்களில் இங்கே கிலோஜூல்தான் பெரிதாகப் போட்டிருக்கும். அதைக் கலோரி என்று நினைத்துப் பயந்து, பிஸ்கட்டைத் தொடாமல் இருந்தேன். 800 கிலோஜூல் என்றால் 191 கலோரிதானாம். பிஸ்கட்டுக்குப் பயந்துவிட்டுப் பன்னியை விழுங்கியிருக்கிறேன், அதில்தான் லேபிள் இல்லையே.

சரி, வாட்சை விட்டுவிடுகிறேன். ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு என்று எப்படித்தான் போடுவது?

நாடி, திங்கள் இரவு 9.35

ஓட்டத்துக்கு வாட்சே வேண்டாம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓடச் சுமார் ஒரு கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் பெரிய மாற்றமில்லை. உங்களுக்கு 84ஐ 7ஆல் பெருக்கினால் 588. நடைக்கு இதில் பாதியிலிருந்து முக்கால் வரை. ட்ரெட்மில் 610 சொன்னது அதனால்தான் பக்கத்தில் வந்தது, அது வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. உங்கள் எடையைக் கேட்டதா? கேட்காமல் போட்டிருந்தால் 610 தற்செயல்.

அதிலும் ஒரு கழித்தல் உண்டு. அந்த ஒரு மணி நேரம் கட்டிலில் படுத்திருந்தாலும் 84 எரிந்திருக்கும். ஓடியதால் கூடுதலாகக் கிடைத்தது 500தான். நீங்கள் 842க்குச் சாப்பிட்டீர்கள். வாரம் நாலு ஓட்டம், ஓட்டத்துக்கு 340 அதிகப்படி. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்று வைத்து நீங்களே போடுங்கள்.

கடலோடி52, திங்கள் இரவு 9.50

போட்டேன். பன்னிரண்டு வாரத்துக்கு இரண்டு கிலோ. ஒன்றுதான் ஏறியிருக்கிறது. மிச்சத்தை எங்கேயோ ஏமாற்றியிருக்கிறேன் போல.

தண்ணி ராஜா, திங்கள் இரவு 9.52

ரகசியமாகச் சீட்டாடியிருப்பீர்கள்.

மாரிட்ஸ்பர்க் மிதிவண்டி, செவ்வாய் காலை 5.15

அப்படியானால் கம்ரேட்ஸ் (டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓடுபவர்களுக்கு? 84 கிலோ ஆள் 87 கி.மீ. ஓடினால் 7,300. பன்னிக்கடையே திறந்து வைக்கலாம். அந்தப் பாதையில் வரும் பாலி ஷார்ட்ஸ் மேட்டில் வாட்ச் என்ன சொல்லும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கடலோடி52, ஜூலை, ஞாயிறு காலை 10.30

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னியுங்கள். நாடி தம்பிக்கு ஒரு கணக்குப் பாக்கி இருந்தது.

இன்று அதே பாதை, அதே 7 கி.மீ., அதே ஒரு மணி நேரம். காலைக் குளிரில் கடல் காற்று முகத்தில் அடித்தது, பாதி தூரம் வரை முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் துடிப்பு 121, ஆறாவதில் 128. சராசரி 125. வாட்ச் சொன்ன கலோரி 698. பிப்ரவரியில் 842. எடை இப்போது 81.

தூரக் கணக்கில் 588 இருந்தது 567 ஆகியிருக்கிறது, 21தான் குறைவு. வாட்ச் கணக்கில் 144 குறைவு. சால் நிரம்பி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நாடி, ஞாயிறு காலை 11.05

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தக் காரணத்தால் என்று பிரிக்க முடியாது அண்ணா. குளிரும் வந்துவிட்டது, ஐந்து மாதப் பயிற்சியும் ஏறிவிட்டது. இரண்டுமே துடிப்பைக் குறைக்கும். ஆறாவது கிலோமீட்டரில் 23 ஏறியது இப்போது 7 ஏறுகிறது என்பது பெரும்பாலும் குளிரின் வேலை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே 7 குறைவாகத் தொடங்கியதில் கொஞ்சமாவது உங்கள் உழைப்பு. அடுத்த பிப்ரவரியில் இதே ஓட்டத்தை ஓடிச் சொல்லுங்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று கிலோ எப்படிப் போனது?

கடலோடி52, ஞாயிறு காலை 11.20

வாட்சில் கலோரி காட்டும் திரையை மகள் மறைத்து வைத்துவிட்டாள். பன்னி மாதம் ஒன்று, கடைசி ஞாயிறு. புரட்டாசி வருகிறதே, அதற்கு முன் இரண்டு பாக்கி இருக்கிறது.

தண்ணி ராஜா, ஞாயிறு காலை 11.24

இரண்டாவதுக்கு நானும் வருகிறேன் அங்கிள். பெரியப்பாவையும் கூட்டி வருகிறேன், அவர் போன வாரம் 480 எரித்திருக்கிறார்.